கம்பிதான் ஆண்டெனா: ரேடியோ குறுக்கீடு எங்கே பிறக்கிறது, எப்படிக் குறைப்பது

ரேடியோ கரகரத்தால் ‘டவர் சரியில்லை’ என்பார் ஒருவர். ‘எர்த் போட்டால் சரியாகிவிடும்’ என்பார் எலக்ட்ரீஷியன். யூடியூபில் ஒருவர் அலுமினியத் தாளைச் சுற்றச் சொல்வார், கடைக்காரர் ஒயரில் மாட்டும் கறுப்பு உருளை ஒன்றை எடுத்து நீட்டுவார், இன்னொருவர் போனின் முதுகில் ஒட்டும் ‘ஆன்டி ரேடியேஷன்’ ஸ்டிக்கரையே விற்றுவிடுவார். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடுங்கள், அது எதற்கும் ஆகாது. மற்றவை ஏதாவது ஒரு சூழ்நிலையில் உண்மையிலேயே பலிக்கும் வைத்தியங்கள்தான். எந்தச் சூழ்நிலையில் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை, அதனால் பத்துப் பேர் சொன்ன பத்தையும் செய்து பார்த்துவிட்டு ‘இதெல்லாம் சும்மா’ என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர்.

முதலில் பெயர். ஒரு கருவி தனக்கே தெரியாமல் வெளியே கசியவிடும் ரேடியோ அதிர்வெண் ஆற்றல், இன்னொரு கருவியின் வேலையைக் கெடுத்தால் அதுதான் ரேடியோ குறுக்கீடு. அதிர்வெண் என்பது ஒரு நொடியில் எத்தனை தடவை அலை ஏறி இறங்குகிறது என்ற கணக்கு. இது உடம்புக்குக் கெடுதலா இல்லையா என்ற விவாதம் முற்றிலும் வேறு, இங்கே அது வராது.

எந்தக் குறுக்கீட்டிலும் மூன்று பேர் இருப்பார்கள்: சத்தத்தை உண்டாக்குவது, அதைச் சுமந்து போகும் வழி, அதில் மாட்டிக்கொள்வது. மூன்றில் ஒன்றை உடைத்தால் போதும். எதை உடைப்பது என்பதில்தான் குழப்பம்.

சத்தம் எங்கே பிறக்கிறது

மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயைப் பட்டென்று மூடினால் சுவருக்குள் ‘டங்’ என்று ஓர் அடி விழும், கீழ்வீட்டுக்காரருக்கும் அது கேட்கும். அதே குழாயை மெல்லத் திருகி மூடினால் ஒன்றும் கேட்காது. தண்ணீரின் அளவு மாறவில்லை, நிறுத்திய வேகம்தான் மாறியது. மின்சாரமும் இப்படித்தான். சீராக ஓடும் மின்சாரத்தால் ரேடியோவுக்குத் தொந்தரவு இல்லை, சட்டென்று வெட்டப்படும்போதும் சட்டென்று பாயும்போதும்தான் அந்த அடி கம்பி வழியாகப் பயணம் போகிறது.

இன்று நம் வீட்டில் இருக்கும் பாதிக் கருவிகள் மின்சாரத்தை இப்படி வெட்டியே பிழைக்கின்றன. போன் சார்ஜர், எல்இடி பல்பு, டிவி, லேப்டாப் அடாப்டர், இப்போது எல்லோரும் வாங்கும் பிஎல்டிசி மின்விசிறி, எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை அது சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி, ஒரு டிரான்சிஸ்டரால் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, குட்டி டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றில் செலுத்தி, நமக்குத் தேவையான 5 வோல்ட்டையோ 19 வோல்ட்டையோ தருகிறது. பழைய செங்கல் கனத்து அடாப்டர்கள் ஒழிந்ததற்கு இதுதான் காரணம். நல்ல விஷயம்தான், ரேடியோ கேட்பவர்களுக்கு மட்டும் கெட்ட காலம்.

ஏன் கெட்ட காலம்? ஒரு சார்ஜர் நொடிக்கு 65 ஆயிரம் தடவை, அதாவது 65 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிறது என்று வையுங்கள். அந்த எண்ணில் எந்த வானொலியும் இல்லையே என்று தோன்றும். ஆனால் வெட்டு கூர்மையாக இருந்தால் 65 மட்டும் வராது, அதன் மடங்குகளான 130, 195, 260 எல்லாம் வரிசையாக வரும். இந்த மடங்குகளுக்கு ஹார்மோனிக் என்று பெயர். 11-ஆவது ஹார்மோனிக் எங்கே விழுகிறது? 715 கிலோஹெர்ட்ஸில். சென்னை வானொலியின் மத்திய அலை (மீடியம் வேவ்) 720. சார்ஜரின் வேகமும் ஒரே எண்ணில் நிற்காமல் கொஞ்சம் அலையும், அப்போது ஹார்மோனிக் 720-இன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். மத்திய அலை முழுக்கவே இப்படி 65 கிலோஹெர்ட்ஸுக்கு ஓர் இடத்தில் ‘உய்ய்ங்’ என்று கேட்டால், பெரும்பாலும் ஏதோ ஓர் அடாப்டர்தான்.

இந்த மடங்குகள் எவ்வளவு உயரம் வரை போகும் என்பதை, எத்தனை தடவை வெட்டுகிறது என்பதைவிட ஒவ்வொரு வெட்டும் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. நொடியின் நூறு கோடியில் பத்துப் பங்கில், அதாவது 10 நானோநொடியில் வெட்டினால் சுமார் 30 மெகாஹெர்ட்ஸ் வரை தாராளமாக நீளும், அதற்கு மேல்தான் வேகமாக அடங்கும். மின்சாரம் மிச்சமாக வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் வெட்டை மேலும் மேலும் கூர்மையாக்குகிறார்கள், சத்தமும் கூடவே ஏறுகிறது.

எஸ்எம்பிஎஸ் தவிர வேறு ஆட்களும் உண்டு. மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் பறக்கும் பொறி ஒவ்வொன்றும் ஒரு வெட்டு. ஆண்டெனா வைத்து டிவி பார்த்த காலத்தில் பக்கத்து வீட்டில் சட்னி அரைத்தால் நம் திரையில் கோடு ஓடியது இதனால்தான். மெல்லக் கூட்டிக் குறைக்கும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் நொடிக்கு 100 தடவை வெட்டும், ரேடியோவில் அது தாழ்ந்த குரலில் உறுமும். ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் பல வருடங்களாக ஒரு விசித்திரத் துடிப்பு அவ்வப்போது பதிவாகி வந்தது, ‘பெரைட்டான்’ என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். 2015-இல் விடை கிடைத்தது: அங்கேயே இருந்த மைக்ரோவேவ் அடுப்பு. அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது இல்லை. நேரம் முடியும் வரை பொறுக்காமல் யாராவது கதவை வெடுக்கென்று திறந்தால், உள்ளே நுண்ணலையை உண்டாக்கும் மேக்னட்ரான் குழாய் அணையும் அந்த நொடித்துளியில், வழக்கமான 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு 1.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு வெளியே தப்பித்தது. மறுபடியும் அதே கதைதான், சட்டென்று நிறுத்தியதுதான் வினை.

இதுவரை: வேகமான வெட்டு எங்கே இருக்கிறதோ அங்கே சத்தம் பிறக்கும், அது தன் மடங்குகளிலெல்லாம் பரவும்.

பெட்டிக்குள் பிறந்தது வெளியே எப்படி வருகிறது

இங்கேதான் மிகப் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. சார்ஜர் என்ற பெட்டியே காற்றில் அலையை வீசுகிறது என்று நினைக்கிறோம், அதனால்தான் அதன் மேல் தாளைச் சுற்றத் தோன்றுகிறது. ஓர் அலையைத் திறமையாக வீச அந்த அலையின் நீளத்தில் கால் பங்கு அளவாவது கம்பி தேவைப்படும். எஃப்எம் இருக்கும் 100 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் 3 மீட்டர், கால் பங்கு 75 சென்டிமீட்டர். 720 கிலோஹெர்ட்ஸில் அலையின் நீளம் 400 மீட்டரைத் தாண்டும். உள்ளங்கையில் அடங்கும் சார்ஜர் இதில் என்ன செய்துவிடும்? ஆனால் அதிலிருந்து கிளம்பும் ஒரு மீட்டர் கேபிள் எஃப்எம்முக்கு அருமையான ஆண்டெனா. அதைச் செருகிய சுவருக்குள் வீடு முழுக்க ஓடும் ஒயரிங் மத்திய அலையையும் சுமந்துபோகப் போதுமானது. கம்பிதான் ஆண்டெனா. இந்த ஒன்று மனதில் பதிந்தால் மீதிக் கட்டுரை தானாகப் புரியும்.

சரி, கேபிளில் போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் பக்கத்துப் பக்கத்துக் கம்பியில்தானே ஓடுகின்றன, ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளாதா? அடித்துக்கொள்ளும். கேபிளின் முறையான மின்னோட்டம் அதனால்தான் அதிகம் கதிர்வீசுவதில்லை. சிக்கல் செய்வது வேறு ஒன்று. குட்டி டிரான்ஸ்ஃபார்மரில் உள்சுருளும் வெளிச்சுருளும் தொட்டுக்கொள்ளாவிட்டாலும் மிக நெருக்கமாக இருக்கின்றன, 300 வோல்ட் வெட்டுப்படும் ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளி வழியே கொஞ்சம் மின்னோட்டம் இந்தப் பக்கம் கசியும். கசிந்தது கேபிளின் எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் சேர்ந்து ஓடும், திரும்பிப் போக அதற்குப் பக்கத்தில் கம்பி கிடையாது, காற்றையும் தரையையும் சுவர் ஒயரிங்கையும் சுற்றித்தான் வீடு திரும்ப வேண்டும். இப்படி எல்லாக் கம்பியிலும் ஒரே திசையில் ஓடுவதற்குக் காமன் மோட் மின்னோட்டம் என்று பெயர். ஒரு மீட்டர் கேபிளில் 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோஆம்பியர் காமன் மோட் மின்னோட்டம் ஓடினால், வீட்டுக் கருவிகளுக்கு அமெரிக்க விதி வைத்திருக்கும் வரம்பை அது தொட்டுவிடும். போன் சார்ஜ் ஆக ஓடுவதில் சில லட்சத்தில் ஒரு பங்கு.

நல்ல அடாப்டரில் இந்தக் கசிவுக்கு உள்ளேயே ஒரு குறுக்கு வழி போட்டிருப்பார்கள், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஒரு சின்னக் கெப்பாசிட்டர். அதற்கு ஒய் கெப்பாசிட்டர் என்று பெயர். கசிந்த மின்னோட்டம் ஊர் சுற்றாமல் அதன் வழியே உடனே திரும்பிவிடும். உலோக உடம்பு லேப்டாப்பை இரண்டு முனை பிளக்கில் போட்டுத் தடவினால் விரலில் ‘சுர்ர்’ என்று ஒன்று தெரிகிறதே, அது பெரும்பாலும் இந்தக் கெப்பாசிட்டர் வழியே வரும் துளி மின்சாரம்தான், ஒரு மில்லியாம்பியரில் கால் பங்குக்கும் கீழே. மூன்று முனை பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் அது மறையும். கையை உதறும் அளவுக்கு அடித்தால் மட்டும் அது வேறு கோளாறு, கழற்றி வைத்துவிடுங்கள். பெட்டிக்கடையில் தொங்கும் மலிவு சார்ஜரில் ‘சுர்ர்’ வரவில்லை என்று சந்தோஷப்படவும் முடியாது. அந்தக் கெப்பாசிட்டரையே விட்டிருக்கலாம், அல்லது அந்த இடத்தில் போடக் கூடாத சாதாரணக் கெப்பாசிட்டரைப் போட்டிருக்கலாம். இரண்டாவது உயிருக்கே ஆபத்து.

இதுவரை: பெட்டி சத்தத்தைப் பிறப்பிக்கிறது, கேபிள் அதை வீசுகிறது, காமன் மோட் மின்னோட்டம்தான் அந்த வேலையைச் செய்கிறது.

இரண்டு வகைக் குறுக்கீடு, இரண்டு வேறு தீர்ப்பு

நான் பார்த்தவரை பெரும்பாலான வைத்தியங்கள் தோற்பது இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான்: இது எந்த வகை?

முதல் வகையில், சத்தம் நீங்கள் கேட்க விரும்பும் அதே அதிர்வெண்ணில் வந்து விழுகிறது. 720-இல் வானொலி, அதே 720-இல் சார்ஜரின் ஹார்மோனிக். ரேடியோவால் இரண்டையும் பிரிக்க முடியாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் முடியாது. ரேடியோ மேல் ஒரு குற்றமும் இல்லை, சத்தம் போடுவதையோ வழியையோதான் கவனிக்க வேண்டும். ஊட்டி முத்தோரையில் 1970 முதல் மலைச்சரிவில் நிற்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்கிறது. அந்த எண்ணைச் சுற்றி ஒரு பட்டையை உலக அளவில் வானியலுக்கும் ஒதுக்கி வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான், அங்கே ஒருவன் கத்தினால் எந்த வடிகட்டியாலும் பிரித்துக் கேட்க முடியாது.

இரண்டாம் வகையில், அனுப்புகிறவன் முறையாகத் தன் அதிர்வெண்ணில் அனுப்புகிறான், உங்கள் கருவிதான் கேட்கக் கூடாததைக் கேட்டுத் தடுமாறுகிறது. 2ஜி போன் ஒலிக்கப் போகும் முன்னால் ஸ்பீக்கரில் ‘டிட்டிடிட் டிட்டிடிட்’ என்று வருமே, அது இந்த வகை. போன் பேசுவது 900 மெகாஹெர்ட்ஸில், ஸ்பீக்கருக்கு அது கேட்கவே கூடாது. ஆனால் 2ஜியில் போன் தொடர்ந்து அனுப்பாமல் நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அனுப்புகிறது. ஸ்பீக்கரின் ஒயர் அதைப் பிடித்துக்கொள்ள, உள்ளே இருக்கும் ஆம்பிளிஃபையர் சிப்பு அந்த விட்டுவிட்டு வருவதை மட்டும் ஒலியாக மாற்றிவிடுகிறது. 217 ஹெர்ட்ஸ் காதுக்கு நன்றாகக் கேட்கும். இங்கே போன் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை, வைத்தியம் ஸ்பீக்கரின் ஒயருக்குத்தான். அமெரிக்காவில் விற்கும் கருவிகளின் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதும் இந்த இரண்டு பக்கத்தையும் பற்றித்தான்: இது பிறருக்குத் தீங்கான குறுக்கீடு செய்யக் கூடாது, தனக்கு வரும் குறுக்கீட்டைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே ஒரு அலைவரிசையிலோ சில இடங்களிலோ மட்டும் சத்தம் வந்தால் முதல் வகை. ரேடியோவே இல்லாத கருவி, அதாவது ஸ்பீக்கர், டச் விளக்கு, காலிங் பெல் போன்றவை பாடினால் இரண்டாவது வகை.

கண்டுபிடிப்பது எப்படி

பேட்டரியில் ஓடும் ஒரு பழைய மத்திய அலை டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் போதும், ஆயிரக்கணக்கில் செலவழித்து எதுவும் வாங்க வேண்டாம். நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, சத்தம் கேட்கும் நேரத்தில், ஃபியூஸ் பெட்டியில் மெயினை அணையுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள். பிறகு ஒவ்வொரு எம்சிபியாகப் போட்டு எந்த அறை என்று பாருங்கள், அப்புறம் அந்த அறையில் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, சில நேரம் நியூட்ரல் கம்பியில் ஸ்விட்ச் மாட்டியிருப்பார்கள், பிடுங்கிவிடுவதுதான் சரி. யூபிஎஸ், இன்வெர்ட்டர் இருந்தால் அவற்றையும் முழுக்க அணையுங்கள், மெயின் போனதும் அவைதான் உற்சாகமாக வெட்ட ஆரம்பிக்கும்.

இந்த ரேடியோவுக்கு இன்னொரு திறமை. உள்ளே ஃபெரைட் தண்டில் சுருள் சுற்றியிருக்கும், அந்தத் தண்டின் நுனி சத்தத்தின் பக்கம் நேராகப் பார்க்கும்போது சத்தம் குறையும். ரேடியோவை மெல்லத் திருப்பிக்கொண்டே நடந்தால் திசை பிடிபடும். சுவர் ஒயரிங் பக்கத்தில் மட்டும் இது ஏமாற்றும், ஒயர் முழுவதும் சத்தமாக இருக்கும்.

நேரமும் நல்ல துப்பு. வேல்ஸில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் பதினெட்டு மாதங்கள் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க இன்டர்நெட் படுத்துவிட்டது. கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் அலைமானியை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் தெருத்தெருவாகப் போனபோது, ஒரு வீட்டில் தினமும் ஏழு மணிக்குப் போடப்படும் பழைய டிவி என்று தெரிந்தது. 2020-இல் செய்தியாக வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கும் சத்தம் என்றால் விளக்கு, வெயிலில் மட்டும் என்றால் சோலார் இன்வெர்ட்டர் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

வைத்தியம்: எது எங்கே

முதல் வைத்தியம் தள்ளி வைப்பது. மத்திய அலையைப் பொறுத்தவரை வீட்டுக்குள் இருக்கும் எல்லாமே ஆண்டெனாவுக்கு மிக அருகில்தான், இந்தத் தூரத்தில் காற்று வழியே வருவது மிக வேகமாகக் குறையும். கருவியிலிருந்து ரேடியோவை இரண்டு மடங்கு தூரம் நகர்த்தினால் எட்டில் ஒன்றாகக்கூட விழும். நகர்த்தியும் குறையவில்லை என்றால் சத்தம் ஒயரிங்கில் வருகிறது என்று அர்த்தம்.

அந்தக் கறுப்பு உருளை ஃபெரைட். இரும்பு ஆக்ஸைடு கலந்த பீங்கான் மாதிரியான பொருள், உயர்ந்த அதிர்வெண் மின்னோட்டம் தன் நடுவே போனால் அதைச் சூடாக மாற்றிக் கரைத்துவிடும். கேபிளின் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து அதற்குள் போக வேண்டும். முறையான மின்னோட்டம் போவதும் வருவதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் அதை ஃபெரைட் தொடாது, ஒரே திசையில் ஓடும் காமன் மோட்டை மட்டும் பிடிக்கும். மாட்ட வேண்டிய இடம் சத்தம் போடும் கருவியை ஒட்டி, இரண்டாம் வகை என்றால் மாட்டிக்கொள்ளும் கருவியை ஒட்டி. நடுவில் எங்கோ மாட்டினால் அதற்கு முன்னால் இருக்கும் கேபிள் சுகமாக வீசிக்கொண்டே இருக்கும். எஃப்எம்முக்கும் அதற்கு மேலும் ஒரு கிளிப் நன்றாக வேலை செய்யும். மத்திய அலைக்கு ஒரு கிளிப் என்பது பேருக்குத்தான், பெரிய வளையம் வாங்கி ஒயரைப் பல சுற்று சுற்ற வேண்டும், அதிலும் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கென்று செய்த ரகம் வேண்டும். சுற்று மூன்றானால் தடை ஒன்பது மடங்குக்குக் கிட்டப் போகும், அதனால் மூன்று கிளிப் வாங்குவதைவிட ஒன்றில் மூன்று சுற்று விடுவது லாபம்.

எர்த் விஷயம். உப்பும் கரியும் போட்டுக் குழாய் புதைத்த எர்த் உங்கள் உயிரைக் காக்கும், அதற்காக அது கட்டாயம் வேண்டும். ரேடியோ குறுக்கீட்டுக்கு அது மருந்து ஆகுமா என்றால் பெரும்பாலும் ஆகாது. ஒரு மீட்டர் ஒயர் 50 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய தடையே இல்லாத வழி, 100 மெகாஹெர்ட்ஸுக்கு அதே ஒரு மீட்டர் 600 ஓமுக்கு மேல் தடை. மூன்றாம் மாடியிலிருந்து பத்து மீட்டர் எர்த் ஒயர் இறங்குகிறது என்றால் ரேடியோ அதிர்வெண்ணுக்கு அது எர்த்தே இல்லை, இன்னொரு ஆண்டெனா.

அலுமினியத் தாள்? உலோகக் கூடு முழுக்க மூடியிருந்து, உள்ளே போகும் ஒவ்வொரு கம்பியும் நுழையும் இடத்திலேயே வடிகட்டப்பட்டால் ஷீல்டு பிரமாதமாக வேலை செய்யும். அடாப்டரைத் தாளில் சுற்றிவிட்டு கேபிளை வெளியே தொங்கவிட்டால் ஆண்டெனா வெளியேதானே இருக்கிறது. சூடும் ஏறும், ஷார்ட் ஆனால் தீயும் பிடிக்கும். வேண்டவே வேண்டாம்.

உண்மையில் மலிவான, நிச்சயமான வைத்தியம் அந்த அடாப்டரையோ பல்பையோ மாற்றிவிடுவது. ரேடியோ குறுக்கீட்டுக்கு அளவுகோல் வகுக்கும் சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு 1934 முதல் இருக்கிறது, விளக்குகளுக்கு அதன் 15-ஆம் தரம், டிவி கணினி வகையறாவுக்கு 32. தரவுத்தாளில் இதைக் குறிப்பிடும் தயாரிப்பாளரை நம்பலாம். ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ முத்திரை பெரும்பாலும் தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வது, ஐம்பது ரூபாய் சார்ஜரில் அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மவுஸும் காரும்

வயர்லெஸ் மவுஸ் தடுமாறுவது பலருக்கும் நடப்பது. யூஎஸ்பி 3 கேபிளில் ஓடும் தரவின் வேகம், அது உண்டாக்கும் சத்தத்தை 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை வரை பரப்பிவிடுகிறது, மவுஸும் புளூடூத்தும் பழைய வைஃபையும் அங்கேதான் குடியிருக்கின்றன. இன்டெல் இதை 2012-இலேயே ஓர் அறிக்கையில் எழுதிவிட்டது. மவுஸின் குட்டி ரிசீவரை ஹார்டு டிஸ்க் செருகிய துளைக்குப் பக்கத்தில் வைக்காமல் ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு ஒயரில் தள்ளி வையுங்கள், வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், முடிந்தது.

காரில் மலிவான டேஷ்கேமும் சிகரெட் லைட்டர் சார்ஜரும் எஃப்எம்மை மட்டுமில்லை, ஜிபிஎஸ்ஸையும் கெடுக்கும், ஏனென்றால் செயற்கைக்கோளிலிருந்து தரைக்கு வரும் ஜிபிஎஸ் அலை நினைத்துப் பார்க்க முடியாத அளவு பலவீனமானது. கேமராவின் ஒயரை ஆண்டெனா ஒயரோடு சேர்த்துக் கட்டாமல் தனி வழியில் கொண்டுபோய், இரண்டு முனையிலும் ஃபெரைட் போடுங்கள்.

வீட்டுக்கு வெளியே இருந்தால்

மெயினை அணைத்தும் நிற்காத சத்தம் பக்கத்து வீடாக இருக்கலாம், தெருவிளக்காக இருக்கலாம். பக்கத்து வீடு என்றால் ரேடியோவை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க வைப்பதுதான் நல்லது, சண்டையாக ஆரம்பித்தால் யாரும் பிளக்கைப் பிடுங்க மாட்டார்கள். நல்ல வெயிலில் பலமாக இரைந்து மழை பெய்ததும் காணாமல் போகிறது என்றால் மின்கம்பத்தில் எங்கோ தளர்ந்த இணைப்பில் சின்னப் பொறி பறக்கிறது என்று நினைக்கலாம், ஈரம் அந்த இடைவெளியை மூடிவிடுவதால்தான் மழையில் நிற்கிறது. ரேடியோவோடு தெருவில் நடந்து எந்தக் கம்பத்தருகே உச்சமாகக் கேட்கிறது என்று பார்த்து, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். ‘ரேடியோ கேட்கவில்லை’ என்று எழுதினால் சிரிப்பார்கள், ‘கம்பத்தில் பொறி பறப்பதாகச் சந்தேகம்’ என்று எழுதுங்கள், அது உண்மையும்கூட. கம்பத்தைத் தட்டிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.